பேக்கில் நிற்பவர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் கால்பந்தாட்டத்தில் ஆளுக்கு இடம் பிரிப்பது ஒரு நிமிட வேலை. ஓடக்கூடியவன் ஃபார்வர்டு. பந்து யார் வீட்டுப் பந்தோ அவனும் ஃபார்வர்டு. விழுந்தால் அழாதவன் கோலி. மிச்சம் இருக்கிறவனைப் பார்த்து, "நீ பேக்ல நில்லு." அந்த 'நில்லு' கவனிக்க வேண்டிய சொல். மற்றவர்கள் ஆடப் போகிறார்கள்; இவன் நிற்கப் போகிறான். சற்றே குண்டாக, கண்ணாடி வேறு போட்டிருந்த என்னை எட்டாம் வகுப்பில் அப்படித்தான் நிறுத்தினார்கள். கல்லூரி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

கால்பந்து தமிழுக்குத் தந்த சொற்கள் அதிகமில்லை. மைதானத்தைத் தாண்டி வீட்டுச் சண்டையிலும் கட்சி அரசியலிலும் புழங்குகிற ஒன்று 'சேம் சைடு கோல்'. பேக் ஆடுகிறவன் பொதுமொழிக்குக் கொடுத்த கொடை அவனுடைய தவறு மட்டும்தான். அவன் தொண்ணூறு நிமிடம் தடுத்து நிறுத்திய பத்துப் பதினைந்து கோல்களுக்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது. நடக்காததற்கு யார் பெயர் வைப்பார்கள்?

அப்படியானால் ஒரு தடுப்பாட்டக்காரரின் தொழில்வாழ்க்கை என்று எதைச் சொல்வது? எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்? அணிக்குப் பின்னால் அவர் நிற்கிறார், சரி. ஆட்டம் முடிந்தபிறகு அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் தொடங்கி கடலூர் மஞ்சக்குப்பம் மைதானம்வரை வரலாம் என்று பார்க்கிறேன். ஸ்காட்லாந்து ஏன் என்று கேட்டால், கால்பந்தைப் பிழைப்பாக்கி ஊர்விட்டு ஊர் போனவர்களில் முன்வரிசைக்காரர்கள் அவர்கள். இன்னொரு காரணம், அவர்களுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்கள் பக்கம் முதலில் வந்தது தடுப்பாட்டம் ஆட அல்ல; தாக்க. 1781 ஜூன் 18 அன்று ஜெனரல் அயர் கூட், ஹைதர் அலியின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கினார். நடராசரின் மதில் அன்று நல்ல பேக் ஆடியது. இரண்டே வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரை வென்றார். அந்தப் போரில் நின்றது 73ஆவது ஹைலேண்ட் படை. குண்டுமழைக்கு நடுவே பைப் வாசித்த ஸ்காட்டிஷ் வீரனைப் பார்த்து, உனக்கு வெள்ளியில் ஒரு ஜோடி பைப் வாங்கித் தருகிறேன் என்று கூட் சொன்னதாக அந்தப் படையின் மரபுக்கதை. அதே படை 1783 ஜூன் 13 அன்று கடலூரில், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தலைமையில், பிரெஞ்சுக்காரர்களின் அரண்மீது மோதிப் பெருஞ்சேதம் அடைந்தது. முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்து சண்டை நின்றது. கால்பந்து மொழியில் சொன்னால் கோலில்லா டிரா.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த 73ஆவது படை பிறகு 71 என்று எண் மாறி, 1881இல் 74ஆவது படையோடு சேர்ந்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1888இல் சிம்லாவில் டூராண்ட் கோப்பை தொடங்கியபோது முதல் இறுதிப் போட்டியில் மோதிய இரண்டுமே ஸ்காட்டிஷ் படைகள்: ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி. 2-1 என்று ஃபியூசிலியர்ஸ் வென்றது. தோற்றவர்கள் 1893, 94, 95 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்று பழி தீர்த்தார்கள். பரங்கிப்பேட்டை மணலில் துப்பாக்கியோடு நின்ற படையின் பேரப்பிள்ளைகள் இந்தியாவின் முதல் கால்பந்துக் கோப்பைக்கு ஆடினார்கள். இந்திய மண்ணில் பந்து பழகியது பெரிதும் இப்படிப்பட்ட பட்டாளத்துக்காரர்கள் வழியாகத்தான்.

பேக் என்ற இடம் உருவான கதையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியதுதான் உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். இங்கிலாந்து எட்டுப் பேரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறக்குறைய யாரையுமே வைக்கவில்லை. ஸ்காட்லாந்து இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தியது. 0-0 என்று முடிந்தது. இரண்டு பேக் வைத்ததால் கோல் விழவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பழைய பேக் என்ற முறையில் எனக்கு அப்படி நம்பத்தான் ஆசை.

அந்தத் தலைமுறையின் பேக்குகளில் ஒருவர் ஆண்ட்ரூ வாட்சன். 1856இல் இன்றைய கயானாவில் பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டத்து ஸ்காட்லாந்துக்காரர், அம்மா கறுப்பினப் பெண். 1881 மார்ச்சில் லண்டன் ஓவலில் இங்கிலாந்தை 6-1 என்று ஸ்காட்லாந்து நசுக்கியபோது அணித்தலைவர் அவர்தான். உலகின் முதல் கறுப்பினச் சர்வதேச ஆட்டக்காரர். நாட்டுக்காக ஆடியது மூன்றே ஆட்டங்கள். லண்டனுக்குக் குடிபெயர்ந்ததும் வாய்ப்பு நின்றுபோனது. உள்ளூரில் இருப்பவர்களையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் அன்றைக்கு. பிறகு அவர் கப்பல் இன்ஜினியராகப் பிழைத்தார். ஆட்டம் வேறு, பிழைப்பு வேறு என்று இருந்த காலம். இங்கிலாந்து 1885இலும் ஸ்காட்லாந்து 1893இலும் காசு வாங்கி ஆடுவதைச் சட்டபூர்வமாக்கின. அதற்கு முன்பே மறைமுகமாகக் காசு கைமாறியதும், ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கிலாந்து கிளப்புகளுக்கு வண்டியேறியதும் ஊரறிந்த ரகசியம்.

நம் நாட்டில் ஆட்டத்துக்கும் பிழைப்புக்கும் நடுவிலான கோடு வேறு விதமாகப் போடப்பட்டது. அதற்கு முன் ஒரு பேக்கின் காலைப் பார்த்துவிடலாம். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் படையை 2-1 என்று வென்றதை வெறுங்கால் வெற்றி என்று கொண்டாடுகிறோம். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் காலில் பூட்ஸ் இருந்தது: இடது பேக் சுதிர் சாட்டர்ஜி. பூட்ஸ் போட்ட காலை எதிர்த்துச் சறுக்கிப் பந்தை எடுக்க வேண்டியவன் பேக்தானே. மற்றவர்கள் காலை எடுத்துவிடலாம். அவன் வைத்தாக வேண்டும். எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது.

1951 புதுதில்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது தலைவராக இருந்த சைலன் மன்னாவும் பேக். மோகன் பகானுக்கு 19 வருடம் ஆடினார். அவருக்குச் சோறு போட்டது கிளப் அல்ல, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வேலை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜர்னைல் சிங்கின் கதை இன்னும் விசித்திரம். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த அந்த ஸ்டாப்பரை, அதாவது நடு பேக்கை, பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியிலும் கோல், தென் கொரியாவுக்கு எதிரான இறுதியிலும் கோல். 2-1, தங்கம். ஒரு தடுப்பாட்டக்காரரை நாடு நினைவில் வைத்திருப்பது அவர் முன்னால் போய்க் கோல் போட்டதற்காக! தையல் போட்ட தலையோடு அவரை ஆட விட்டதை அன்று யாரும் தப்பென்று நினைக்கவில்லை. அந்தத் தலை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சென்னையில் இந்த ஏற்பாடு முழு அமைப்பாகவே வளர்ந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, கணக்காயர் அலுவலகம், இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கில் ஆடியவை பெரும்பாலும் அலுவலகங்கள். நன்றாக ஆடினால் வேலை. வேலை கிடைத்தால் அறுபது வயதுவரை சம்பளம், அதற்குப்பின் பென்ஷன். இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போய் ஆடியது. காலையில் பயிற்சி, பிறகு கவுன்டரில் உட்கார்ந்து சலான் வாங்குவது. முட்டி போனபிறகும் கவுன்டர் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் 'கான்ட்ராக்ட்' என்று சொன்னதை நம் ஆட்கள் 'பர்மனென்ட்' என்று சொன்னார்கள். இரண்டில் எது சிறந்த ஏற்பாடு என்று கேட்டால் என் அப்பா தலைமுறை ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் சொல்லும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. வேலை நிரந்தரம் ஆனதும் ஆட்டத்தில் பசி குறையும் என்பது அலுவலகத்து மேலாளர்களின் வழக்கமான புலம்பல். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கி, கிளப் கான்ட்ராக்ட்தான் இனி வாழ்க்கை என்று ஆனபிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். திருச்சியின் தர்மராஜ் ராவணன் தமிழ்நாடு கொடுத்த நல்ல ஸ்டாப்பர்களில் ஒருவர்; புனே எஃப்.சி., சென்னையின் எஃப்.சி., சென்னை சிட்டி என்று ஆடினார். புனே எஃப்.சி. இன்று இல்லை. சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக் சாம்பியன். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் அந்த அணியில் வலது பேக்காகவும் நடுக்களத்திலும் ஆடி மேலே வந்தார்கள். அந்தக் கிளப்பும் இன்று தேசிய லீக்குகளில் இல்லை. 2025இல் ஐ.எஸ்.எல். உரிமை ஒப்பந்தச் சிக்கலில் சீசன் தள்ளிப்போனபோது சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. ஆடுபவன் காலில் அடிபட்டு உட்கார்வது பழைய கதை. கிளப்புக்கே அடிபட்டு உட்கார்வது புதுக் கதை.

ஸ்காட்டிஷ் தடுப்பாட்டக்காரரின் வழக்கமான பாதை எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டுக்கே வந்த ஒருவரைச் சொல்லலாம். டேனி ஃபாக்ஸ், இடது பேக். 2020-21இல் ஈஸ்ட் பெங்கால் முதன்முறை ஐ.எஸ்.எல். ஆடியபோது அணித்தலைவர். கொரோனாவால் மொத்த சீசனும் கோவாவில் பூட்டிய மைதானங்களில் நடந்தது; ஈஸ்ட் பெங்கால் ரசிகரின் சத்தத்தை நேரில் கேட்காமலே அந்த அணிக்குத் தலைவராக இருந்தவர். அதற்கு முன் கவென்ட்ரி, செல்டிக், பர்ன்லி, சவுத்தாம்ப்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், விகன். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மூட்டை கட்டி இறக்கிய வாழ்க்கை. நாட்டுக்காக நான்கு ஆட்டங்கள். பிறந்தது என்னவோ இங்கிலாந்தில்! இதற்கு நேர்மாறாக, 2023இல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்த ரயான் எட்வர்ட்ஸ் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட்டுக்குத் தலைவராக இருந்த ஸ்டாப்பர், பிறப்பால் இங்கிலாந்துக்காரர். பேக்குகள் ஊர் மாறிப் பிழைக்கிறவர்கள் என்பதற்கு இந்த இருவருமே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: ஃபாக்ஸ் ஆறேழு கிளப்பில் ஆடினாலும், அவர் விட்டுவந்த கிளப் ஒவ்வொன்றும் இன்றும் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

கடல் தாண்டிய தமிழர்களில் இந்த இடத்தில் பேர் வாங்கியவர்கள் உண்டு. மலேசியா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியபோது அணித்தலைவர் எம். சந்திரன், தடுப்பாட்டக்காரர். சிங்கப்பூரின் ஆர். சசிகுமார் கதை எல்லாப் பேக்குகளுக்கும் ஆறுதல் தரக்கூடியது. 1998 டைகர் கோப்பை இறுதி, ஹனோய், எதிரே சொந்த மண்ணில் வியட்நாம். சிங்கப்பூர் ஜெயிக்கும் என்று சிங்கப்பூரில்கூட அதிகம் பேர் நம்பவில்லை. கோல் வாய்க்கு முன்னால் ஒரு தள்ளுமுள்ளில் பந்து சசிகுமாரின் தோளிலோ முதுகிலோ பட்டு உள்ளே போனது. 1-0. சிங்கப்பூருக்கு முதல் பெரிய கோப்பை. வியட்நாம்காரர்கள் இன்றுவரை அதை முதுகால் போட்ட கோல் என்று வயிற்றெரிச்சலோடு சொல்கிறார்கள். பேக்கில் நிற்கிறவன் முதுகால் கோல் போடுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இனி தலை.

பேக்கின் ஆயுதம் கால் என்று நினைக்கிறோம். பாதி வேலை தலையில். கோலி உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது, கார்னர் உதை பெட்டிக்குள் வளைந்து வரும்போது, அதைச் சந்திக்க வேண்டியது ஸ்டாப்பரின் நெற்றி. பயிற்சியில் இதற்கென்றே ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார், இன்னொருவர் முட்டிக்கொண்டே இருப்பார். பந்தின் எடை 410 முதல் 450 கிராம். எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் நனைந்த பழைய தையல் பந்து தண்ணீர் குடித்துவிட்டு எவ்வளவு கனத்தது என்று நான் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சத்தம் நினைவிருக்கிறது: மண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தியது மாதிரி 'டப்' என்று ஒன்று, பிறகு இரண்டு விநாடி எல்லாம் மங்கலாக. "உச்சந்தலையில வாங்காதடா, நெத்தியில வாங்கு" என்று பி.டி. வாத்தியார் கத்துவார். நெற்றியில் வாங்கினால் வலிக்காது என்றுதான் அவரும் அவருடைய வாத்தியாரிடம் கற்றிருந்தார்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டூவர்ட் என்ற நரம்பு நோயியல் மருத்துவர் தலைமையில் ஒரு குழு இதை எண்ணிப் பார்த்தது. ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 முன்னாள் ஆண் ஆட்டக்காரர்கள். ஒப்பிட, அதே வயதும் ஒத்த வாழ்நிலையும் கொண்ட சுமார் 23,000 பொதுமக்கள். 2019இல் முடிவு வந்தது. மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம். இதய நோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் இறப்பது குறைவு. அதாவது ஆட்டம் உடம்புக்கு நல்லது, மூளைக்கு வேறு கதை. 2021இல் அதே குழு இன்னும் உள்ளே போய், யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. பந்தைத் தலையால் தொடாத கோலிகளுக்குப் பொதுமக்களைவிட ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நீண்ட காலம் தொழில்முறையாக ஆடியவர்களுக்கும் அதே அளவு. தோல் பந்து போய்த் தண்ணீர் குடிக்காத பந்து வந்தபிறகு ஆடியவர்களிடமும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஒரு விசித்திரமான நிறைவு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்தக் கணக்கிலும் வராத பேக் ஒரு கணக்கில் வந்துவிட்டான். கோல் பட்டியலில் இல்லாதவன் நோய்ப் பட்டியலில் முதலில் நிற்கிறான்.

எண்ணுக்கு முகம் வேண்டுமானால் பில்லி மெக்நீல். 1967 மே மாதம் லிஸ்பனில் செல்டிக் அணி இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் அணி ஆனது. கோப்பையைத் தூக்கிய கை ஸ்டாப்பர் மெக்நீலுடையது. அந்த அணியின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். முப்பது மைல் என்பது கடலூரிலிருந்து சிதம்பரம் வந்து சேரும் தூரம். மெக்நீல் ஒரே கிளப்பில் 1957 முதல் 1975 வரை ஆடினார். உயரமான, தலையால் விளையாடுவதில் பேர்போன ஸ்டாப்பர். அவருக்கு மறதி நோய் என்று 2017இல் குடும்பத்தார் வெளியில் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் இறந்தார். அவருக்கு நோய் தலையால் முட்டியதால்தான் வந்தது என்று தனி ஒருவரைப் பற்றிச் சொல்ல எந்த ஆய்வுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் ஸ்காட்லாந்து சும்மா இருக்கவில்லை. 2020இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சியில் ஹெட்டிங்கை நிறுத்தினார்கள். 2022இல் தொழில்முறை அணிகளுக்கே ஆட்டத்துக்கு முதல் நாளும் மறுநாளும் பயிற்சியில் தலையால் முட்டக்கூடாது என்று சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் ஹெட்டிங்கை எண்ணி நான் பார்த்ததில்லை. அண்ணாமலைநகரில் 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை வழியாக வெளிவந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். கிளாஸ்கோ எண்கள் போய்ச் சேர வேண்டிய முதல் முகவரி அவர்களுடையது. காசு செலவில்லாத மாற்றம் இது. முட்டுவதை எண்ணு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கடலூர் என்றால் இன்றைக்கு இந்தியக் கால்பந்தில் பெண்கள் என்றுதான் அர்த்தம். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம் முதலான மீனவக் குப்பங்கள் சின்னாபின்னமாயின. அதற்குப் பிந்தைய வருடங்களில் அரசுக் காப்பகத்திலும் விடுதியிலும் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்துப் பழக்கியவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். அவருடைய இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகம் இந்தியப் பெண்கள் லீக்கிலேயே போய் ஆடியது. இந்த மண்ணிலிருந்து இந்திய அணிக்குப் போனவர்களில் நடுக்களத்து இந்துமதி கதிரேசன், முன்வரிசை சந்தியா ரங்கநாதன் பெயர்கள் இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2018இல் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அந்தக் கோப்பையை மணிப்பூர் தன் வீட்டுப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தது. 2023இல் அமிர்தசரசில் ஹரியாணாவை வென்று தமிழ்நாடு மறுபடி அதைக் கொண்டுவந்தது.

இந்தப் பட்டியலில் எந்தப் பேக்கின் பெயரும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நானும் விதிவிலக்கில்லை, கட்டுரை எழுத உட்கார்ந்தபோது எனக்கும் முன்னால் ஆடியவர்கள் பெயர்தான் முதலில் வந்தது. மணிப்பூரை ஒரே கோலில் நிறுத்திய பின்வரிசைப் பெண்களின் பெயரை ஊரில் நான்கு பேரிடம் கேட்டுப்பாருங்கள்.

இவர்களுடைய தொழில்வாழ்க்கை எதில் போய் நிற்கிறது? இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் பந்தை ஓரம் வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் பணி செய்தார். 2016-17இல் தொடங்கிய பெண்கள் லீக் பல வருடம் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துபோகும் திருவிழாவாக இருந்தது. சொந்த ஊர், எதிரி ஊர் என்று முறையான லீக்காக ஆனது 2023-24இல்தான். அதையொட்டி அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்கு ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்றது. மாதம் சுமார் 26,700. தமிழ்நாட்டில் உதவி ஆய்வாளரின் அடிப்படைச் சம்பளமே 36,900இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கும் மாநிலத்தில் ஒரு பெண் பிள்ளையும் அவள் அம்மாவும் எந்தக் கணக்கைப் போடுவார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தைச் சியாங் மாயில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது எங்கள் ஊரிலும் வாட்ஸ்ஆப்பில் கொடி பறந்தது. கொடி அனுப்பியவர்களில் ஒருவர் மறுநாள் காலை என்னிடம் கேட்டது: "இதுல ஜெயிச்சா வேலைக்கு மார்க் உண்டா சார்?"

சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அந்தக் கேள்வி சரியாகவே படுகிறது. ஸ்காட்லாந்தில் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கிளப்புகளும் சங்கமும் கடைசியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வும் நிற்கின்றன. அவ்வளவு இருந்தும் மெக்நீலின் நோய்க்குக் காரணம் தேட ஐம்பது வருடம் ஆகிறது. நம் பக்கம் அந்த இடத்தில் நிற்பது ஒரு வேலை உத்தரவு. வேலைக்காகத்தான் ஆடுகிறார்கள் என்று குறை சொல்லும் கால்பந்துப் பிரியர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சைலன் மன்னா அப்படித்தான் ஆடினார். பிறகுதான் தங்கம் வந்தது. கோளாறு வேறு இடத்தில். ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ் அணி எந்தப் போட்டியில் ஆடியது, எத்தனையாவதாக வந்தது என்பதைப் பதிவு செய்கிறது. அந்த அளவில் பேக்கும் ஃபார்வர்டும் சமம், நல்லதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் அணியில் முதலில் இடம் பிடிக்க வேண்டுமே. தேர்வு நாளன்று மைதானத்தில் இரண்டு மணி நேரம். முன்வரிசைப் பிள்ளை ஒரு கோல் போட்டால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார். பேக் பிள்ளை சரியான இடத்தில் நின்று எதிராளியைப் பந்து வாங்கவே விடாமல் செய்தால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். அவள் நன்றாக ஆடுவதற்கும் சும்மா நிற்பதற்கும் வித்தியாசம் பார்க்க, பந்தை விட்டுக் கண்ணை எடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

போன வருடம் எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய என்னிடம் கொண்டுவந்தாள். மாவட்டப் போட்டியில் ஆடியவள். காலில் இன்னும் மைதானத்து மண். பெயர், பிறந்த தேதி, போட்டி நடந்த ஊர் எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். 'பெற்ற இடம்' என்ற கட்டத்தில், யோசித்து அழுத்தி எழுதியது தெரியும்படி, 'லெஃப்ட் பேக்' என்று இருந்தது.

"இது அது இல்லம்மா. டீம் எத்தனாவது வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"அப்போ நான் எங்க நின்னேன்னு எங்க சார் எழுதறது?"

தாளைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கமும் தேடினேன். அவள் என் பேனாவை வாங்கி, அடித்த கோடு நேராக வரவேண்டும் என்று அடிமட்டம் கேட்டு வாங்கி வைத்து, 'லெஃப்ட் பேக்'கை அடித்துவிட்டு மேலே 'இரண்டாம் இடம்' என்று எழுதினாள்.